பயிற்சிக் கல்

வருடா வருடம் பல நாட்டு வானாய்வு நிலையங்கள் ஒன்றுசேர்ந்து, பூமியை நோக்கி ஒரு விண்கல் வருவதாக வைத்துக்கொண்டு பயிற்சி செய்யும். இந்த முறை கல்லைக் கற்பனை செய்யும் வேலை, அவற்றில் ஒரு நிலையத்தில் ஆய்வாளராக இருந்த அவள் தலையில் விழுந்தது. எங்கே விழட்டும் என்று யோசித்தவள், வாய்க்குள் சிரித்தபடி மாமியார் வீட்டைக் குறித்தாள். கோபமெல்லாம் இல்லை, மனப்பாடமாகத் தெரிந்த முகவரி அதுதான்.

பயிற்சியில் கல்லை யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனாலும் ஒத்துழைப்பு பிரமாதம் என்று எல்லா நாட்டுக்காரர்களும் ஒருவரையொருவர் பாராட்டிக்கொண்டார்கள். அவள் கல்லைக் கணினியிலிருந்து அழித்துவிட்டு டீ குடிக்கப் போனாள்.

மறுநாள் காலை, கடல் கடந்த நிலையத்தின் தொலைநோக்கிக்காரர் அலுவலகத் தொலைபேசியில் அழைத்தார்.

"மேடம், உங்க கல்லப் பார்த்தோம்."

"பயிற்சிதான் நேத்தே முடிஞ்சிடுச்சே, சார்."

"தெரியும். அதனாலதான் கூப்பிட்டேன்."

"வேற கல்லா இருக்கும்."

"நீங்க போட்ட அதே பாதை. பக்கத்து நாட்டுக்காரங்களும் பார்த்துட்டாங்க."

அவள் பதில் சொல்வதற்குள் கைபேசி அடித்தது. மாமியார்.

"துணி காயப்போட மாடிக்கு வந்தேன். வெயில் சுள்ளுனு அடிக்குது," என்றார் சாவகாசமாக. "எனக்கு ரெண்டு நிழல் விழுதும்மா."