கமரா இல்லாத கணினி

"கமரா இல்லாதது ஒண்டு காட்டுங்கோ, தம்பி."

பிரதீபன் கையிலிருந்த விலைப்பட்டியலைக் கீழே வைத்தான். டென்மார்க்கின் கோல்டிங் நகரில் அந்தக் கணினிக் கடையில் அவன் சேர்ந்து நாலு வருடமாகிறது. கமரா நல்லதா என்று கேட்டவர்கள் உண்டு. இல்லாததைக் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

"அம்மா, சும்மா இருங்கோ," என்றாள் நிரஞ்சலா. மடிக்கணினி வாங்க வந்தவள் அவள். அம்மா செல்வமலர் வழித்துணைக்கு வந்தவர். வழித்துணை இப்போது வழியை மறித்துக்கொண்டு நின்றது.

நிரஞ்சலா கொப்பன்ஹேகனில் முதுமாணிப் படிப்பின் கடைசிப் படியில் இருந்தாள்; இரண்டு நாள் லீவில் அம்மாவிடம் வந்திருந்தாள். ஆய்வேடு ஒன்றுதான் பாக்கி. மார்ச்சுக்குப் பிறகு அதில் ஒரு வரிகூட ஏறவில்லை. ஊரில் யுத்தம் முடிந்த வருடம் அல்லவா, பேராசிரியர் காரணம் கேட்கவில்லை. இரண்டு முறை தவணை நீட்டிக் கொடுத்தார். இனி நீட்ட முடியாது. ஜனவரி முடிவுக்குள் கொடுக்காவிட்டால் பெயரை வெட்டிவிடுவார்கள். இந்த நேரம் பார்த்துப் பழைய கணினியும் படுத்துவிட்டது.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் எண்டாளாம்," என்று பஸ்ஸில் வரும்போது அம்மா குத்தியதை அவள் பொறுத்துக்கொண்டாள். அதில் பாதி உண்மை இருந்தது.

பிரதீபன் முதலில் எழுதுவதற்கான மென்பொருளைக் காட்டினான். "இலவசமாவும் ஒண்டு இருக்கு. ஆனா முந்நூறு அடிக்குறிப்பு போட்டீங்கள் எண்டால் அதுக்கு மூச்சு வாங்கும். இது தாங்கும்."

"எழுதிற மென்பொருளோ? அப்ப அதுவே எழுதித் தருமோ?" அம்மா எட்டிப் பார்த்தார்.

"இல்லையம்மா, எழுதிறது இவதான். அது அடிக்குறிப்பு, புத்தகப் பட்டியல் எல்லாத்தையும் ஒழுங்கா அடுக்கித் தரும்."

"அடுக்கிறதுக்கு ஒரு மென்பொருளோ? பிளையஹேமில நாற்பது கிழடுகளின்ர உடுப்பை ஒரு சொக்ஸ் மாறாமல் நான் தனிய அடுக்கிறன்." முதியோர் இல்லத்துச் சலவை அறையில் பதினேழு வருடமாக வேலை செய்பவரின் பெருமை அது. பிரதீபன் வாய்விட்டுச் சிரித்தான். நிரஞ்சலாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்து எவ்வளவு நாளாயிற்று!

அடிக்குறிப்பு போட்டுப் பார்த்து, மென்பொருளை முடிவுசெய்தாயிற்று. கணினியும் கிட்டத்தட்ட முடிவுதான். பாரமில்லை, மின்சாரமில்லாமல் ஆறு மணித்தியாலம் ஓடும், விசைகள் விரலுக்கு இதமாக இருந்தன. அம்மா மட்டும் மூடியின் உச்சியில் இருந்த சின்னக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேராசிரியர் நோர்வேக்குப் போயிட்டார், அம்மா. கிழமைக்கு ஒருக்கா கமராவிலதான் சந்திக்கிறது. வாய்மொழிச் சோதனையும் அதிலதான். கமரா இல்லாட்டி எனக்குப் பட்டமே இல்லை."

"வீட்டுக்குள்ள ஒரு கண் எந்த நேரமும் முழிச்சுக்கொண்டு நிக்கும். வேண்டாம்."

"தேவையில்லாத நேரம் நிப்பாட்டலாம்."

"நிண்டுதோ இல்லையோ எண்டு ஆருக்குத் தெரியும்?"

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றார் அம்மா. மற்ற வருடமென்றால் நிரஞ்சலா சண்டை பிடித்திருப்பாள். இந்த வருடம் அம்மாவோடு குரல் உயர்த்த அவளுக்கு மனம் வரவில்லை. ஆனால் கமரா இல்லாமல் எப்படி?

பிரதீபன் தன் வியாபாரப் புத்தியைப் பாவித்தான். "அம்மா, ஊரில சொந்தக்காரர் இருக்கினமோ? வவுனியாவில இப்ப இன்ரநெற் கடையள் திறந்திட்டாங்கள். அவை அங்க இருந்து உங்கட முகத்தைப் பாத்துக் கதைக்கலாம். சதக்காசு செலவில்லை."

நிரஞ்சலா சட்டென்று நிமிர்ந்தாள். கோணேசன் அண்ணை! கடைசி நாள்வரை வன்னியில் அகப்பட்டு, பிறகு முள்ளுக்கம்பி முகாமில் கிடந்து, போன கிழமைதான் வவுனியாவுக்கு வந்தவன். முகாமில் இருந்தபோதே ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு டெலிபோன் எடுக்கத் தொடங்கிவிட்டான். அந்நேரம் அவள் கொப்பன்ஹேகனில் வேலையில் நிற்பாள். அண்ணனின் முகம் பார்த்து ஆறு வருடம்.

"அம்மா, நாளைக்கே அண்ணையைப் பாக்கலாம்! நான் நிண்டு எல்லாம் இணைச்சுத் தாறன். நீங்கள் முன்னுக்கு இருந்து கதையுங்கோ."

"வேண்டாம்." அம்மா கையை நீட்டிக் கணினியின் மூடியைச் சாத்தினார்.

பிரதீபன், "பெட்டி இருக்கோ எண்டு பாத்துக்கொண்டு வாறன்," என்று மெல்ல உள்ளே நழுவினான்.

நிரஞ்சலாவுக்குத் தாங்கவில்லை. "அவன்ர முகத்தை ஒருக்காக் காட்டு எண்டு சாமிப் படத்துக்கு முன்னால அழுதது நீங்கள்தானே? இப்ப காட்டுறன் எண்டால் மூடுறீங்கள். பெத்த பிள்ளையைப் பாக்க உங்களுக்கு ஆசையில்லையோ?"

அம்மா கழுத்துத் துணியை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கடையில் மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"அவனைப் பாக்க எனக்கு ஆசையில்லையோ, பிள்ளை? ஆனா அவனும் என்னைப் பாப்பானெல்லே, பொட்டில்லாத இந்த வெறும் நெத்தியைப் பாப்பானெல்லே? அப்பா மார்ச்சில கண்ணை மூடினதை நான் அவனுக்கு இன்னும் சொல்லேல்லை. எடுக்கிற ஞாயிறெல்லாம், 'அப்பா வேலைக்குப் போயிட்டார்' எண்டுதான் சொல்லிக்கொண்டிருக்கிறன்."