எதைவிடப் பெருசு?

எறும்பு எங்கயாவது பேசுமான்னா கேக்குற, வடிவு? நம்ம சர்க்கரை டப்பாவைக் காலி பண்ணுச்சே, அந்த வாயாலதான் பேசுச்சு. அது கெடக்கட்டும். மொட்டைமாடிப் பூந்தொட்டியில குடியிருந்த எறும்பு, அதுலயே முட்டை போட்ட புறாகிட்ட ஓடுச்சு.

"அக்கா, பெரிய மழை வருது! தண்ணி போற ஓட்டையை உன் கூட்டுக் குச்சி அடைச்சிருக்கு."

"எவ்ளோ பெரிய மழை?"

"என்னைவிடப் பெருசு!"

"உன்னைவிடச் சின்னது ஊர்ல என்னடி இருக்கு?"ன்னு புறா கண்ணை மூடிக்கிச்சு.

எறும்பு யோசிச்சுது. "உன் முட்டை ரெண்டும் முழுகுற அளவுக்கு வரும்க்கா."

புறா சட்டுன்னு கண்ணைத் தொறந்துச்சு. குச்சியை உருவ ஆரம்பிச்சிருச்சு.

அடியே வடிவு! மாடியில காயுற வடகம் மொத்தமும் கரையுற அளவுக்கு மேகம் வந்திருக்கு, வேட்டியோட சுருட்டி உள்ள கொண்டா!