புகைக்குழாயில் பழகிய மூக்கு

ஒரு காரின் புகைக்குழாய்க்குள் ஆக்சிஜன் சென்சார் ஒன்று புதிதாகக் குடிவந்தது. புகையை மோந்து, பெட்ரோல் கூடுதலா குறைவா என்று வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதன் வேலை. முதலில் அதை வெளியே எடுத்து, நல்ல காற்றைக் காட்டிப் பழக்க வேண்டும். மெக்கானிக் லாசருக்கோ கொதிக்கும் குழாயைத் தொட மனமில்லை. அது குழாய்க்குள் இருந்தபடியே பழக்கும் பட்டனை அழுத்திவிட்டார். தேங்கிக் கிடந்த பழம்புகைதான் சுத்தமான காற்று என்று சென்சார் மனதில் பதித்துக்கொண்டது. அதனால் துளிக் காற்றும் அதற்கு ஏராளமாகத் தோன்றியது; காற்று ஏராளம் என்றால் பெட்ரோல் குறைவு என்பது அதன் கணக்கு.

லாசர் வண்டியை மலைப்பாதையில் ஓட்டிப் பார்த்தார். பாதி ஏற்றத்தில் இன்ஜின் இருமியது.

"மூச்சு முட்டுதுடா. பெட்ரோலைக் குறைக்கச் சொல்லு."

"பத்தலைண்ணே," என்றது சென்சார். "என் மூக்கு பொய் சொல்லாது."

கம்ப்யூட்டர் மூக்கைத்தான் நம்பியது. இன்னும் ஊற்றியது. கொண்டை ஊசி வளைவில் இன்ஜின் கரும்புகை கக்கியது. பின்னால் லாரி ஹாரன் அடித்தது.

"டேய், சாகப்போறேன்டா!" என்று அலறியது இன்ஜின்.

சென்சார் பயத்தில் இன்னும் உரக்கக் கத்தியது: "பத்தலை! ஊத்துங்க!"

இன்ஜின் நின்றது. வண்டி பின்னால் உருண்டது. மயிரிழையில் லாரி ஒதுங்கிப் போனது.

வேர்த்துக் கொட்ட இறங்கிய லாசர், துணியைச் சுற்றிச் சென்சாரைக் கழற்றி, ஒயரோடு வெளியே பிடித்தார். மலைக்காற்று வீசியது. சென்சார் ஒரு மூச்சு இழுத்தது. பதறிப்போய்க் கம்ப்யூட்டரைக் கூப்பிட்டது:

"ஐயா, இந்த மலைக்கே பெட்ரோல் பத்தலை!"