கொலரில் விழுந்த கை

மறுநாள் இங்கிலாந்துக் குற்றவியல் சட்டப் பரீட்சை. படித்துக்கொண்டிருந்த கம்சனாவை ஜெர்மனியின் எசன் நகரிலிருந்து அப்பா தொலைபேசியில் அழைத்தார்.

“பிள்ளை, மொட்டையடிச்ச ஜெர்மன்காரன் ஒருத்தன் பின்னால வந்து என்ர சட்டைக் கொலரைப் பிடிச்சு இழுத்து விழுத்திப்போட்டான்.”

“ஐயோ, காயமோ அப்பா?”

“இல்லை, ஆனா...”

“குற்றமெண்டு சொல்லக் காயம் தேவையில்லை. உடுப்பைத் தொட்டாலே போதும். தொடமுன்னம் உங்களைக் கேட்டவனோ?”

“எங்க கேட்டவன்!”

“தவறுதலாப் பட்டிருக்குமோ?”

“இல்லை, வேணுமெண்டுதான் இழுத்தவன்.”

“அப்ப எல்லாம் பொருந்துது! இங்கிலாந்தெண்டால் அவன் குற்றவாளி. ஏன் இழுத்தவன்?”

“அதைத்தானே சொல்ல வாறன். உன்ர பரீட்சைக்குப் போனில வாழ்த்து எழுதிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்தனான். ட்ராம் வந்ததை நான் காணேல்லை.”

கம்சனா புத்தகத்தை மூடினாள்.

“அவர் இன்னும் அங்க நிக்கிறாரோ? அவரிட்டப் போனைக் குடுங்கோ, அப்பா.”