உளி பட்ட கல்

ஒரு மலைச்சரிவில் இரண்டு கற்கள் அருகருகே கிடந்தன. அடிவாரத்தில் கர்த்தருக்குப் பலிபீடம் கட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் இரண்டுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

"இந்தக் கரடுமுரடான முகத்தோடா அவர் முன்னால் போய் நிற்பது?" என்றது சின்னக் கல்.

"உளி படாத கல்தான் வேண்டும் என்று அவரே சொல்லியிருக்கிறாரே" என்றது பெரிய கல்.

"அழகாகப் போனால் வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்?"

சின்னக் கல் பக்கத்துப் பாறையில் கிடந்த உளியை அழைத்தது. ஒவ்வொரு அடியையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டது. மாலைக்குள் அதன் முகம் வழவழவென்று மின்னியது.

மறுநாள் பலி செலுத்தும் ஆசாரியர் ஆட்களோடு வந்தார். அவர்கள் பெரிய கல்லைத் தூக்கிக்கொண்டார்கள். ஆசாரியர் சின்னக் கல்லை எடுத்து விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, அவருக்காகத்தானே இப்படிச் செய்துகொண்டேன்!" என்று கதறியது அது.

"தெரியும்" என்றார் ஆசாரியர். திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போனார்.

சில நாளில் அடிவாரத்திலிருந்து பலியின் புகை எழுந்தது. ஜனங்கள் பாடினார்கள். வார்த்தைகள் சரிவுவரை வந்து சேரவில்லை. காதில் விழுந்த ராகத்தை வைத்துக்கொண்டு சின்னக் கல்லும் தனியாகப் பாடியது.