பார்த்தால் ஒட்டும்

“பாத்ததாலதான் வந்துது, டாக்டர். இவரையே கேளுங்க” என்றாள் சத்யப்பிரியா.

அவள் கணவன் நிலவனின் இரண்டு கண்களும் சிவந்து நீர் வடிந்தன. மெட்ராஸ் ஐ.

“யாரைப் பாத்து?” டாக்டர் அருள்மொழி டார்ச்சை அணைத்தார்.

“எதுத்த குவார்ட்டர்ஸ் டெய்சி. அவளுக்குத்தான் மொதல்ல வந்துது. இவரு மைன்ஸ் செக்ஷன்லயே இருக்குற அவ வூட்டுக்காரரு ஆல்பின் ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாருன்னு இவரு ஓடிப்போயி சொட்டு மருந்து வாங்கிக் குடுத்தாரு.”

“வாசல்ல வெச்சிட்டு வந்துட்டேன்” என்றான் நிலவன்.

“மூஞ்சியப் பாக்காமலா?”

“பாத்தா ஒட்டாதும்மா. கை, துணி, தலகாணி, இதுங்களாலதான் ஒட்டும்” என்றார் டாக்டர்.

“அப்ப எனக்கு ஏன் வரல? இவரு பக்கத்துலதான் படுத்துகினு இருக்கேன்.”

“கிருமி உங்க கைக்கும் வந்திருக்கும். எல்லா உடம்பும் அதுக்கு ஒரே மாதிரி எடம் குடுக்காது. ஹார்மோன் அளவும் ஒரு காரணமா இருக்கலாம்னு சொல்றாங்க. பொம்பளைங்க ஹார்மோன் சில வைரஸை எதுத்து நிக்க உதவுதாம். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு.”

“டெய்சியும் பொம்பளதானே?”

“அளவு ஆளுக்கு ஆள் மாறும்.”

“அதுலயும் அவளுக்குத் தனியா?”

டாக்டர் சிரித்தார். சத்யப்பிரியா சிரிக்கவில்லை. அவளிடம் வேறொரு சாட்சி இருந்தது.

போன வாரம் நலம் விசாரிக்கிற சாக்கில் டெய்சி வீட்டுக்குப் போனாள். கண்ணைப் பார்த்துவிடக் கூடாதென்று தலையைக் குனிந்தே நின்றாள். அப்போதுதான் கட்டிலில் அது தெரிந்தது. ஓய்வுபெற்ற ஃபோர்மேன் செக்ஷனில் எல்லோருக்கும் கொடுத்த நீலக்கரைக் கர்ச்சீப். நிலவனுடையதைச் சில நாளாக அலமாரியில் காணோம். மூலையில் சிவப்பு நூலில் ஒரு சிலுவை வேறு தைத்திருந்தாள் டெய்சி.

டெய்சி காபி போட உள்ளே போனதும் அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஈரமாக இருந்தது. அன்று மாலை அதிலேயே முகம் புதைத்து அழுதாள்.

மறுநாள் அதை நிலவனின் பேன்ட் பாக்கெட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். ஷிஃப்ட் முடிந்து வந்தவன் அவள் எதிரிலேயே அதை எடுத்து முகத்துத் தூசியைத் துடைத்தான். கண்ணைத் துடைத்தான். ஒரு சலனமும் இல்லை. கைதேர்ந்தவன் என்று நினைத்துக்கொண்டாள்.

இன்று காலை பெட்டியைக் கட்டிவிட்டாள். இங்கிருந்து நேராகக் குள்ளஞ்சாவடி பஸ், அம்மா வீடு.

“கண்ணைத் தொடச்ச துணி இருந்தா வெந்நியில போட்டு அலசிடுங்க” என்றார் டாக்டர்.

நிலவன் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்தான். சத்யப்பிரியா அவன் முகத்தையே பார்த்தாள். இப்போது மாட்டத்தான் வேண்டும்.

அவன் அதை மேசையில் விரித்தான். மூலைச் சிலுவையைத் தடவி, சிவந்த கண்ணை இடுக்கிப் பார்த்தான்.

“என்னுது மைன்ஸ் லாக்கர்லல்ல கெடக்குது. ஆல்பினோடது எப்புடி எங்கிட்ட?”