ஜீப் மேடு ஏறிய காலை

பொத்தானை அழுத்தினார்.

சமையலறை ஜன்னலோரம் நின்றிருந்தார். ஒரு கையில் டீ, மறு கையில் ரிமோட். வெளியே பனிக்குள் ஜீப் இருமியது. மறுபடி இருமியது. பிறகு பிடித்துக்கொண்டது.

முப்பத்தொன்பது வருடம் தேயிலை எஸ்டேட்டுக்கு ஓட்டிய ஜீப். ஒரு கீறல் கிடையாது. ஓய்வுபெற்றபோது அதையே கொடுத்து அனுப்பினார்கள். குன்னூர்க் குளிரில் அது சூடாகும்வரை ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு நடுங்க வேண்டும்.

இனி வேண்டாம். வீட்டுக்குள் இருந்தபடியே கிளப்பிவிட்டு, டீயை முடித்துவிட்டுப் போய் ஏறலாம்.

கோயம்புத்தூருக்குப் போய் ரகசியமாக இந்த ரிமோட்டைப் பொருத்திக்கொண்டு வந்திருந்தார். தெருவுக்கு இன்றைக்குத்தான் காட்டுவதாக இருந்தார்.

பொருத்தியவன் ஒன்றே ஒன்றுதான் சொன்னான். நியூட்ரலில் விட்டுவிட்டு இறங்குங்கள் என்றான்.

"யாருக்கு யாரு சொல்றது?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

அந்தச் சரிவில் எவரும் நியூட்ரலில் விட்டு இறங்குவதில்லை. ஹேண்ட்பிரேக்கை நம்புகிறவன் மலைக்காரனே இல்லை. வண்டி கீழே பார்த்து நிற்கும். ரிவர்ஸ் கியரில் போட்டு, முன்சக்கரத்துக்கு ஒரு கல்லையும் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவார்கள்.

நேற்று மாலையும் கை அதைத்தான் செய்தது. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஜீப் பின்பக்கமாக மேடு ஏறத் தொடங்கியது.

ஆள் இல்லாமல்.

அதற்கு அவசரமே இல்லை. பால்காரர் பெள்ளி ஓரமாக ஒதுங்கி நின்று, வழக்கம்போல வணக்கம் வைத்தார். ஜீப் வளைவைத் தன் சொந்தக்காரரைவிட நன்றாக எடுத்தது.

நிறுத்த இரண்டு முறை அழுத்த வேண்டும். எத்தனை முறை அழுத்தினார் என்று அவருக்கே தெரியாது.

மேட்டில் இருந்த செலின் வீட்டுக் கோழிக்கூண்டில் போய் மோதி, அணைந்தது.

அவர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது தெருவே அங்கே நின்றது. கூண்டு பலகை பலகையாகக் கிடந்தது. கோழிகளுக்கு ஒன்றுமில்லை. ஒரு வெள்ளைக் கோழி ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தது. இறங்குவதாக இல்லை.

ரிமோட் அவருடைய ஸ்வெட்டர் பைக்குள் இருந்தது. கையும் அதோடு.

சொல்லிவிட வாயைத் திறந்தார்.

அதற்குள் செலின் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"என்னாலதாண்ணா. நேத்து சாயந்திரம் காத்துல விறகுமேல போட்ட தார்ப்பாய் பறக்குதேன்னு உங்க வண்டிக் கல்லை எடுத்துட்டு வந்துட்டேன். காலைல வச்சுரலாம்னு இருந்தேன். ஐயோ கர்த்தரே, யாராச்சும் குறுக்க வந்திருந்தா?"

கல்லை எடுத்தால் வண்டி கீழே உருளும். மேலே ஏறாது.

தெருவில் யாருக்கும் இது தோன்றவில்லை. பெள்ளிக்கு மட்டும் கொஞ்சம் தோன்றியது. அவரே அதற்கு விடையும் வைத்திருந்தார்.

"இத்தனை வருசமா இந்த நேரத்துக்கு மேலே ஃபேக்டரிக்குப் போன வண்டிதானுங்களே. பழக்கம் விடுமா?"

எல்லோரும் தலையாட்டினார்கள்.

"அண்ணன் உள்ள இருந்திருந்தா இப்படி ஆயிருக்குமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் பையிலிருந்து கையை எடுக்கவில்லை.

"சரி விடும்மா" என்றார். "இனிமே கேட்டுட்டு எடு."

கேட்டுட்டு எடு. அதையும் சொன்னார்.

செலின் கைகூப்பினாள். உடைந்தது அவளுடைய கூண்டு.

வண்டியை நகர்த்த அவள் கணவர் லாசர் ஏறினார். அரசு பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். கோழியைத் தூக்கி வெளியே விட்டார். உட்கார்ந்தார். பிறகு அசையவே இல்லை.

சாவித் துளையில் சாவி இல்லை. ஆனாலும் சாவி போட்டதுபோலச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதற்குக் கீழே கறுப்பு டேப் சுற்றிய புது ஒயர்கள். கியர், ரிவர்ஸில்.

தலையைத் திருப்பிக் கூட்டத்துக்குள் ஜீப்பின் சொந்தக்காரரைத் தேடினார். பார்த்தார்.

அவர் கோழியைப் பார்த்தார்.

லாசர் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். பிரேக்கை மிதித்து மிதித்து, ஜீப்பை மெல்லக் கீழே கொண்டுபோய் அது வழக்கமாக நிற்கும் இடத்திலேயே நிறுத்தினார்.

மதியம் லாசர் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தூக்குவாளி. அதில் வைக்கோலுக்கு நடுவே ஆறு முட்டைகள்.

"செலின் குடுத்து விட்டா. கூண்டுல உடையாம கிடந்தது இவ்வளவுதானாம்."

அவர் வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. அது போய்விட்டது.

லாசர் படியிறங்கினார். நின்றார். திரும்பாமலே சொன்னார்.

"நான் அவகிட்ட ஒண்ணும் சொல்லலீங்க. நீங்க சொல்லுவீங்கன்னு இருக்கேன். காலைல இருந்து அவ பச்சத் தண்ணிகூடக் குடிக்கல."

அவர் தலை மேட்டு வளைவில் மறையும்வரை இவர் தூக்குவாளியோடு நின்றார்.

செலின் வீடு கூப்பிடு தூரம். இரண்டு நிமிடம் ஏறினால் போதும். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வரி.

செருப்பைத் தேடினார். கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தார். மறுபடியும் கட்டிலுக்கடியில்.

ஒரு மணி நேரம் தேடினார்.

செருப்பு காலிலேயே இருந்தது.